ஆட்டின் ஜாக்கியும் தீபாவளி லீவும்

பதுளை பஸாரில் நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில், தீபாவளிக்கு முதல் நாள் என்றால் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. தேயிலைத் தோட்டங்களில் பண்டிகை அட்வான்ஸ் கைக்கு வந்ததும் பசறை, நமுனுகுல, ஹாலிஎல பக்கத்துச் சனமெல்லாம் பஸ்ஸிலும் லொறியிலும் வந்து இறங்கிவிடும். இரவு கதவை இழுத்துப் பூட்டும்போது எங்கள் ஊர்ப் பக்கம் போக ஒரு பஸ்கூட இருக்காது. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தால், லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிச்சோறு தின்றுவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தீபாவளி எங்களுக்காகக் காத்திருந்ததே இல்லை.

அப்படித் தூரத்திலிருந்து வந்து, கடைக்குப் பின்னால் இருந்த போர்டிங்கில் தங்கி வேலை செய்தவர்கள் நாங்கள் நாலு பேர். நான் பிளவுஸ் துணி வெட்டிக் கொடுப்பவள், ஊர் பெரகலைக்குக் கீழே ஒரு தோட்டம். சேலைப் பக்கம் ஓர் அக்கா இருந்தாள், எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். லுங்கிச் சாரமும் சட்டையும் விற்பவரைச் சாரம் அண்ணன் என்போம். பில் போடுபவர் பில் அண்ணன். மற்றவர்கள் பதுளைக்காரர்கள். கடை மூடியதும் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு என்ன கவலை.

முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானத்தோடு வெளியூர்க்காரர் ஒருவருக்கு லீவு. ஒரே ஒருவருக்குத்தான். அவர் பொழுது சாய்வதற்குள் வீடு போய், விடியுமுன் எண்ணெய் வைத்துக் குளித்து, மனுசராகத் தீபாவளி கொண்டாடலாம். யார் அந்த ஒருவர் என்பதை நாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பெயர் எழுதிய துண்டுக் கடதாசிகளைத் தேயிலை டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஒரு முறை அக்காவின் பெயர் வந்தது. அவள் அதை எனக்கே விட்டுக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடமும் பில் அண்ணன் பெயரே வந்தது. கடதாசியில் எழுதுபவரும் அவர்தான், டின்னைக் குலுக்குபவரும் அவர்தான். மூன்றாவது வருடம் சாரம் அண்ணனுக்கும் அவருக்கும் அடிதடி ஆகாத குறை.

‘குலுக்கிறது வேணாம், ஆடித் தீர்த்துக்குவோம்’ என்று நான்தான் சொன்னேன். ‘போக்கர்.’

எனக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தது என்னுடைய கைபேசி. பதுளையிலிருந்து பெரகலைக்கு பஸ்ஸில் போகிற நேரத்துக்கு, அந்த வளைவுகளுக்கு, ஜன்னலோரம் வாந்தி எடுக்கிற குழந்தைகளுக்கு, ஏதாவது ஒரு கவனம் வேண்டியிருந்தது. சும்மா ஆடுகிற ஆட்டம் அது, காசு கிடையாது. ஒரு நாள் அப்புத்தளையைத் தாண்டும்போது ஊர் பேர் தெரியாத ஐந்து பேரை ஒரே கையில் மடக்கினேன். இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போய், கொஸ்லந்தப் பாதையில் பாதித் தூரம் போன பிறகுதான் நினைவு வந்தது. சேறும் மழையுமாகத் திரும்பி நடந்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் நனைந்ததே இல்லை.

போக்கர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யார் நல்ல ஐந்தைக் காட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ஜோடி நல்லது. ஒரே மாதிரி மூன்று அதைவிட நல்லது. ஐந்தும் ஒரே இனம், ஆட்டின் என்கிற சிவப்பு இதயமோ இஸ்பேட்டோ கிளாவரோ, என்றால் கொண்டாட்டம்தான். ஒவ்வொரு முறை சீட்டு திறக்கும்போதும் பந்தயத்தை ஏற்றலாம், பயமாக இருந்தால் கையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

காசு வைத்து ஆடக் கூடாது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். எனவே பட்டன் வைத்து ஆடினோம். கடையில் ஜோடி சேராத பட்டன்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. வெள்ளைச் சட்டைப் பட்டன் சில்லறை, கறுப்புக் கோட்டுப் பட்டன் பெரிய நோட்டு. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் எங்கள் கடை மூடியிருக்கும். மத்தியானச் சோற்றை முடித்துக்கொண்டு, ஸ்டோர் அறையில் துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்காருவோம். அதெல்லாம் பழக்கம்தான், லீவுக்கான ஆட்டம் தீபாவளிக்கு முந்திய போயாவில் என்று பேச்சு. முதலாளிக்கும் தெரியும். அவரே சீட்டுப் பைத்தியம்தான், ஆனால் அவருக்கு முந்நூற்று நாலு மட்டும்தான் சீட்டு.

முந்நூற்று நாலு என்று சொன்னேன் அல்லவா, வினையே அதில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சீட்டு என்றால் அந்த ஆட்டம்தான். சிவராத்திரிக்குக் கண் விழிக்க, கல்யாண வீட்டில் பொழுது போக்க, சாவு வீட்டில் விடியும்வரை உட்கார்ந்திருக்க, எல்லாவற்றுக்கும் முந்நூற்று நாலு. அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஏஸ் மூன்றாவது இடத்தில் நிற்கும். ராஜாவும் ராணியும் பெயருக்குத்தான். ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளுக்கு ஆட்டத்தில் இடமே இல்லை. இந்தக் கணக்கு எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது.

‘போக்கர்ல ஏஸ் தான் பெருசு’ என்று நான் சொன்னதும் சாரம் அண்ணன் சிரித்தார்.

‘ஏஸ் பெருசா? எந்த ஊர்ல?’

‘ஒலகம் பூரா அப்பிடித்தான் அண்ணே.’

‘ஒலகத்துக்கு வெளங்கல.’

அவருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. கையில் ஏஸும் ராஜாவும் வந்தால் முகத்தைச் சுளித்துக் கவிழ்த்துவிடுவார். ஜாக்கியும் ஒன்பதும் வந்துவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும், தொண்டையைச் செருமுவார், கோட்டுப் பட்டன்களைக் கை நிறைய அள்ளி வைப்பார். அந்தச் செருமலைக் கேட்டே நான் அவரிடம் எத்தனையோ ஆட்டம் ஜெயித்திருக்கிறேன். ‘அண்ணே, இது முன்னூத்தி நாலு இல்ல’ என்று ஒவ்வொரு முறையும் பட்டனை அள்ளிக்கொண்டே சொல்லுவேன். அவர் என்னை முறைப்பார். எனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் முதல் இரண்டு போயாவும் ஜெயித்தது நான் இல்லை, அக்கா. நான் குரு, எனக்கே விளங்கவில்லை. நான் சின்னச் சீட்டை வைத்துக்கொண்டு பம்மாத்துக் காட்டினால் உடனே ஏற்றுவாள். நல்ல சீட்டு வைத்திருந்தால் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவாள். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் போயா முடிந்து சீட்டுக்கட்டை அடுக்கும்போதுதான் பிடிபட்டது. அது கடையில் பல வருடமாகக் கிடந்த கட்டு. முந்நூற்று நாலு ஆடி ஆடி, ஏழும் அதற்கு மேலே உள்ள சீட்டுகளின் முதுகெல்லாம் கை எண்ணெய் ஏறி மங்கிப்போயிருந்தது. இரண்டு முதல் ஆறு வரை மட்டும் பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது போலப் பளபளவென்று இருந்தது. யார் கையில் சின்னச் சீட்டு இருக்கிறது என்பது எதிரே இருப்பவருக்கு அப்படியே தெரியும்.

‘அக்கா, இது அநியாயம்’ என்றேன்.

‘என்ன அநியாயம்? கண்ணு இருக்கிறவங்க எல்லாரும் பாக்கலாமே’ என்றாள் அக்கா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. மறுநாளே புதுச் சீட்டுக்கட்டு வாங்கினோம்.

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. ஜவுளிக் கடையில் வேலை செய்தவர்களுக்குப் பம்மாத்துக் காட்ட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்று தீபாவளி கண்ட சேலையை ‘இப்பதாம்மா பண்டல் பிரிச்சோம்’ என்று சொல்கிற வாய்க்கு, இரண்டும் ஏழும் வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவது ஒரு பொருட்டா? பில் அண்ணன் பயந்தால் விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவார். அக்காவிடம் மட்டும் எதையும் படிக்க முடியாது. அவள் நல்ல கை இல்லாமல் தன் பட்டன் எல்லாவற்றையும் நடுவில் தள்ளமாட்டாள், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சில போயாக்களில் நான் தொட்டதெல்லாம் பொன். எனக்கு வேண்டிய சீட்டு கேட்டு வாங்கியது போல வந்து விழும். அன்றைக்கு நடை மாறிவிடும், மறுநாள் கவுன்டரில் துணி கிழிக்கிற சத்தம்கூட எடுப்பாக இருக்கும். வேறு சில போயாக்களில் மூன்று ராணி வைத்துக்கொண்டு தோற்பேன். ஒரு முறை, வெசாக் போயா என்று நினைவு, பில் அண்ணனுக்குக் கடைசிச் சீட்டில் நாலாவது எட்டு வந்து விழுந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பட்டன் பெட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். பட்டன் எல்லாம் அலுமாரிக்கு அடியில் உருண்டு போனது. அக்கா ‘மூக்குக்கு மேல கோவம்’ என்றாள். நானே முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு மனம் பரபரத்தது. தோற்றாலும் ஜெயித்தாலும் அடுத்த இரண்டு சீட்டைக் கையில் எடுத்து விரல் நுனியால் மெல்ல நிமிர்த்திப் பார்க்கிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதற்காகவே நான் மாதம் முழுவதும் உழைத்தேன் என்று சொன்னாலும் பொய் இல்லை.

அந்த வருடம் ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கல்யாணம் முடிந்து ஒரு கிழமையில் அவர் ரயிலேறினார், நான் பஸ் ஏறினேன். ஐப்பசியில் தலை தீபாவளி. விடியுமுன் மாப்பிள்ளையும் பொண்ணும் மணையில் ஒன்றாக உட்கார வேண்டும், அம்மா இருவர் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வருவது. அம்மா வீட்டுக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் முதல் நாள் பகல் ரயிலில் அப்புத்தளைக்கு வந்து இறங்குவதாக ஏற்பாடு. எனக்குத்தான் லீவு வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். ‘ஒருத்தருக்குத்தான் லீவு. அது யாருன்னு நீங்க நாலு பேரும் பேசிக்கங்க’ என்றார்.

பேசினோம். பில் அண்ணன்தான் ஆரம்பித்தார். ‘இந்த வருசம் தங்கச்சிக்கே விட்டுருவோமே. தலை தீபாவளி.’ சாரம் அண்ணனும் சரி என்றார். அக்காவும் தலையசைத்தாள்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வருடம் எனக்கு ஏறுமுகம். முந்தைய போயாவில் மூன்று பேரையும் துடைத்து எடுத்திருந்தேன். தலைக்குள் அந்தக் கொழுப்பு இருந்தது. ‘யாரும் விட்டுக் குடுக்க வேணாம். ஜெயிச்சே எடுத்துக்குறேன்’ என்றேன். சாரம் அண்ணன் கைதட்டினார். பில் அண்ணன் ‘ஆசப்பட்டா ஆடு’ என்றார். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்திய போயா. சீசன் என்பதால் அன்றைக்கு மட்டும் கடை மத்தியானம் வரை திறந்திருந்தது. மூடியதும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினோம். வெளியே மழை தகரத்தில் அடித்தது. புதிதாக வந்த சேலைப் பண்டல்கள் சுற்றிலும் மலை மாதிரி கிடக்க, நடுவில் மேசை. எல்லோருக்கும் சமமாகப் பட்டன் பிரித்தோம். கடைசிவரை யாரிடம் பட்டன் இருக்கிறதோ அவருக்கு லீவு. எனக்குப் பயம் இல்லை, அப்படி ஓர் உற்சாகம்.

பில் அண்ணன் முதலில் போனார். விரலை மடக்க ஆரம்பித்தார், நான் ஏற்றினேன், இன்னும் மடக்கினார், இன்னும் ஏற்றினேன். சாரம் அண்ணன் கொஞ்சம் தாக்குப் பிடித்தார். கடைசியில் தொண்டையைச் செருமி, இருந்த பட்டனெல்லாம் தள்ளினார். அக்கா இரண்டு ஏஸ் காட்டினாள். அண்ணன் ஜாக்கி ஜோடியை வைத்துவிட்டு, ‘எங்கப்பா இத பாத்தா செத்துருவாரு’ என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு வருடமாகச் சொல்கிறேன், ஒரு மனுசனுக்கு ஏறாதா என்று கேட்டேன்.

பிறகு நானும் அக்காவும் மட்டும். ஒரு மணி நேரம் இழுத்தது. பட்டன் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். பில் அண்ணன் சீட்டுப் போட, தோற்ற இரண்டு பேரும் மேசையோரப் பண்டல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அக்காவிடம் ஒரு கைப்பிடி கூடுதலாக இருந்தபோது அந்தக் கை வந்தது.

என் இரண்டு சீட்டையும் நிமிர்த்திப் பார்த்தேன். ஆட்டின் ஜாக்கி. ஆட்டின் ஆறு. நடுவில் முதல் மூன்று திறந்தது: ஆட்டின் ஒன்பது, ஆட்டின் நாலு, கிளாவர் இரண்டு. எனக்கு நாலு ஆட்டின் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம். அடுத்தது இஸ்பேட் ராஜா, உதவாதது. அக்கா கொஞ்சமாக ஏற்றினாள். நானும் வைத்தேன். கடைசிச் சீட்டை பில் அண்ணன் திறந்தார்.

ஆட்டின் பத்து.

என் காது அடைத்துவிட்டது. ஐந்து ஆட்டின். கையில் ஜாக்கி, எதிரே மேசையில் ஒன்பது. என்னை மிஞ்ச இந்த உலகத்தில் சீட்டு இல்லை. அம்மா, மணை, எண்ணெய்க் கிண்ணம், அவர் அப்புத்தளையில் இறங்கி நிற்பது, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் என் பட்டன் முழுவதையும் நடுவில் தள்ளினேன். அக்கா தன் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். அவளும் தள்ளினாள்.

நான் ஜாக்கியை மேசையில் அடித்து வைத்தேன். ‘அஞ்சும் ஆட்டின். ஜாக்கி.’

சாரம் அண்ணன் பண்டலிலிருந்து குதித்தார். பில் அண்ணன் ‘புதுப்பொண்ணுக்கு லீவு’ என்று மேசையைத் தட்டினார். அக்கா தன் கையைத் திறந்து வைத்தாள்: ஆட்டின் ஏஸ், ஆட்டின் மூன்று. ‘அடடா, அக்காவுக்கும் ஆட்டின், ஆனா ஏஸ் தானே’ என்று சாரம் அண்ணன் அவளுக்காக வருத்தப்பட்டார். நானும்தான் வருத்தப்பட்டேன். பட்டனை இரண்டு கையாலும் என் பக்கம் அணைத்து இழுத்துக்கொண்டே, பாவம் அக்கா என்று நினைத்தேன்.

‘தங்கச்சி’ என்றாள் அக்கா. ‘இது போக்கரு.’

நாலு பேரும் மேசையைப் பார்த்தோம். ஒரு வருடமாக வாய் ஓயாமல் நான் சொல்லிக் கொடுத்த பாடம். இருவருக்கும் ஒரே இனம் வந்தால் பெரிய சீட்டுக்காரருக்கு வெற்றி, பெரிய சீட்டு ஏஸ். அக்கா நல்ல கை இல்லாமல் தள்ளமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும், ஜாக்கியைக் கண்டதும் ரத்தம் முந்நூற்று நாலுக்குப் போய்விட்டது. ஊருக்குத்தான் உபதேசம். என் மடியிலிருந்த பட்டன் எல்லாம் எனக்குச் சொந்தம் இல்லை.

‘நான் தோக்கல’ என்றேன். ‘மறந்துட்டேன். முன்னூத்தி நாலுன்னு நெனச்சுட்டேன்.’

‘ஆமா, கை தவறின மாதிரி தான்’ என்றார் சாரம் அண்ணன். ‘இந்த ஒரு கைய மட்டும் திருப்பி ஆடுவோம்.’ பில் அண்ணன், ‘எதுக்குத் திருப்பி ஆடணும்? அக்கா எப்பவும் விட்டுக் குடுக்கிறவங்க தானே. அவங்க அங்க போய் என்ன செய்யப் போறாங்க?’ என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா மீரியபெத்தக்காரி. அங்கே மலை மண் சரிந்து லயங்களை மூடிய அன்று பண்டாரவளைக்கு ஒரு வேலையாகப் போயிருந்ததால் மிஞ்சியவள். வீட்டில் வேறு யாரும் மிஞ்சவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. புது வீட்டுத் திட்டத்தில் அவளுக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் அவளுடைய சித்தி குடும்பம். அக்கா ஒரு தீபாவளிக்கும் அங்கே போனதில்லை. நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் போர்டிங்கில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். எனவே நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கொடுப்பாள் என்று.

அக்கா மெதுவாக வந்து என் மடியிலிருந்த பட்டனை அள்ளி மேசைக்கு மாற்றினாள்.

‘நான் போறேன்’ என்றாள்.

அவளே தொடர்ந்தாள். ‘வீடு குடுத்தாங்க. சட்டி பானை குடுத்தாங்க. எங்கெங்க இருந்தோ வந்து சேலை குடுத்தாங்க. முதலாளி வேல குடுத்தாரு. எல்லாம் பாவம் பாத்துக் குடுத்தது. நானும் கை நீட்டி நீட்டி வாங்கினேன், வாங்காம என்ன செய்ய? இந்த லீவும் அப்பிடித்தான், நான் வாயத் தொறந்து கேட்டிருந்தா நீங்க மூணு பேரும் வருசா வருசம் குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல.’ என் பக்கம் திரும்பினாள். ‘நீ சொன்னியே, விட்டுக் குடுக்க வேணாம், ஜெயிச்சு எடுத்துக்குறேன்னு. அதக் கேட்டப்பதான் எனக்கும் ஆச வந்துச்சு. ஒனக்கு வருத்தம் தான், தெரியும். ஆனா இது ஒண்ணு நான் ஜெயிச்சது. இத எப்பிடிப்பா விடுவேன்?’

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த ஜாக்கியைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. சாரம் அண்ணன் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘சும்மா இருங்கண்ணே’ என்றேன். ‘ஆட்டம் முடிஞ்சுது. ஜெயிச்சவங்க தான் போகணும்.’

அம்மாவிடம் சீட்டில் தோற்றேன் என்று சொல்ல முடியுமா? லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். நான் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி ஏசினாள். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ‘ஜாக்கி கையில இருந்துமா தோத்த?’ என்றார். அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்போதும் நம்பவில்லை.

தலை தீபாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் அப்புத்தளையில் இறங்காமல் ரயிலில் பதுளை வரைக்கும் வந்தார். சாயங்காலம் முதல் கடை மூடும்வரை எனக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே, லயமே வேடிக்கை பார்க்க, இருவர் தலையிலும் எண்ணெயைக் கொட்டித் தேய்த்தாள். கண்ணெல்லாம் எரிந்தது. நல்ல தீபாவளிதான்.

ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அதற்கு முதல் நாள் மத்தியானம். கடையில் கால் வைக்க இடம் இல்லை. என் கவுன்டரில் மட்டும் பத்துப் பதினைந்து கை நீண்டுகொண்டிருந்தது. அக்கா சேலைப் பக்கத்தை ஒழுங்கு செய்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளே காசு கொடுத்து வாங்கிய பச்சைச் சேலை, புதுசு, மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தாள். பையில் மத்தாப்புப் பெட்டிகள் தெரிந்தன, சித்தி பிள்ளைகளுக்காக இருக்கும். முதலாளியிடம் ‘போய்ட்டு வாறேன் முதலாளி’ என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்ட ஆரம்பித்தாள்.

முதலாளிக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த பெரிய வாடிக்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ‘இந்த நேரத்துல ஆள அனுப்புறீங்களே’ என்று கேட்டார் அவர்.

‘பாவங்க அது’ என்றார் முதலாளி. நல்ல மனுசர்தான், குரலும் இரக்கமாகத்தான் இருந்தது. ‘மண்சரிவுல எல்லாம் போன பிள்ளை. யாரும் இல்ல. நாமதான் பாத்து ஏதாவது செய்யணும். அதான் லீவக் குடுத்து அனுப்புறேன்.’

செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கத்தரிக்கோலைத் துணி மேல் வைத்தேன்.

‘பாவம் பாத்து இல்ல முதலாளி’ என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. ‘அவங்க ஜெயிச்சிட்டுப் போறாங்க.’

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முதலாளி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ‘யார ஜெயிச்சா?’

‘எங்க மூணு பேரையும். என்னையும் சேத்து.’

‘ஆமா முதலாளி’ என்றார் சாரம் அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து. பில் அண்ணன் தலையை நிமிர்த்தாமலே, ‘சுத்தமா ஜெயிச்சாங்க’ என்றார்.

அக்கா வாரை மாட்டி முடித்தாள். நிமிர்ந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதலாளியைப் பார்த்து இன்னொரு தடவை ‘போய்ட்டு வாறேன்’ என்றாள். இந்த முறை சத்தமாகச் சொன்னாள். பிறகு படியிறங்கி, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு, பஸ் நிலையத்துப் பக்கம் வேகமாக நடந்தாள். எனக்கு முன்னால் நின்ற பெண் ‘அந்தச் செவப்புல ஒரு மீட்டர் வெட்டுங்க’ என்றாள். நான் வெட்டினேன்.